இடுப்பொடிந்த சிப்பாய்

பொங்கலுக்கு வீட்டை ஒதுக்கும்போது அம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

‘‘மக்களே, இந்த ஒடஞ்ச சாமானையெல்லாம் களைஞ்சிரட்டா?’’

எங்கள் நாகர்கோவில் பக்கம் களைவது என்றால் தூக்கி எறிவது. திறந்து பார்த்தேன். சோழி, சைக்கிள் பால்ரஸ், பூட்டு இல்லாத ரெண்டு சாவி, சொத்தவிளை கடற்கரையில் பொறுக்கிய சிப்பி. அடியில் ஒரு சிப்பாய், ரெண்டு துண்டாக. மேல்பாதியில் முகமூடி போட்ட தலையும் ரெண்டு கையும். கீழ்பாதி வெறும் கால்கள். நடுவில் கறுப்பாக, தார் மாதிரி எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆள் பெயர் பீச் ஹெட். ஜி.ஐ. ஜோ படையைச் சேர்ந்த கமாண்டோ. சொத்தவிளைக்கும் சங்குத்துறைக்கும் போய் வந்துகொண்டிருந்த பையனுக்கு ‘பீச்’ என்று பெயர் வைத்தவன் கிடைத்ததில் அன்றைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவனை மணலில் புதைத்தேன், உப்புத் தண்ணீரில் முக்கினேன், மொட்டை மாடி வெயிலில் மாசக்கணக்கில் மறந்தேன். இடுப்பு ஒடிந்ததற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது திருவனந்தபுரத்தில் அப்பா வாங்கித் தந்தது. விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டது இன்னமும் காதில் இருக்கிறது.

‘‘பொம்பளப் பிள்ளையளா நாம? பொம்மைக்கா இம்புட்டு பைசா?’’

‘‘பொம்மை இல்லப்பா, இது ஜி.ஐ. ஜோ!’’

இதே பதிலை, இதே கேள்விக்கு, 1964-லேயே ஒரு அமெரிக்கக் கம்பெனி சொல்லியிருக்கிறது என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது.

ஹாஸ்ப்ரோ கம்பெனிதான் அது. 1959-ல் மாட்டல் கம்பெனி பார்பியை இறக்கி, பெண் குழந்தைகளின் அப்பாக்கள் பர்ஸை நன்றாகவே காலி செய்துகொண்டிருந்தது. அதே வித்தையை ஆண் பிள்ளைகளின் அப்பாக்களிடம் காட்டினால் என்ன? ஒரு அடி உயரச் சிப்பாய், கை கால் எல்லாம் மடங்கும், சட்டை துப்பாக்கி தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். சரக்கு ரெடி. ஆனால் ‘பொம்மை’ என்று சொன்னால் எந்த அமெரிக்க அப்பாவும் பையனுக்கு வாங்கித் தரமாட்டார். எங்கள் அப்பா மாதிரிதான் அங்கேயும். அதனால் ஒரு புதுப் பெயர் கண்டுபிடித்தார்கள்: ‘ஆக்‌ஷன் ஃபிகர்.’ விற்பனை ஆட்கள் யாரும் கடைக்காரர்களிடம் தப்பித்தவறியும் பொம்மை என்ற வார்த்தையை உச்சரித்துவிடக்கூடாது என்று உத்தரவு.

இன்னொரு வேடிக்கை. மனித உருவத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. நாளைக்கே எவனாவது காப்பியடித்தால் எப்படிப் பிடிப்பது? ஜோவின் கன்னத்தில் ஒரு தழும்பு வைத்தார்கள். கட்டைவிரலில் நகத்தைத் தப்பான பக்கத்தில், உள்பக்கமாக வைத்தார்கள். காப்பியடிக்கிறவன் நகத்தையும் சேர்த்துக் காப்பியடிப்பானே, மாட்டிக்கொள்வான்! பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையனுக்கு வேண்டுமென்றே தப்பு விடையைக் காட்டுகிற கதைதான். அந்த முதல் ஜோவின் மாதிரி உருவத்தை 2003-ல் ஒருவர் ரெண்டு லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார்.

இவ்வளவு கஷ்டப்பட்டுக் காத்த ‘பொம்மையல்ல’ என்கிற மானம் போனது எங்கே தெரியுமா? சுங்க இலாகாவில். ஹாங்காங்கில் செய்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ஜோக்களுக்கு, பொம்மைக்கு உண்டான வரியைக் கட்டு என்றது சுங்கத் துறை. இது பொம்மை இல்லை, விளையாட்டுச் சிப்பாய் என்று ஹாஸ்ப்ரோ வழக்குப் போட்டது. 1989-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பொம்மைதான், வரியைக் கட்டு. பி.காம். படித்த காலத்தில் இப்படி ஒரு வழக்கை உதாரணமாகச் சொல்லித் தந்திருந்தால் நான் வரி பாடத்தில் தூங்கியிருக்கமாட்டேன்.

சரி, டப்பாவுக்கு வருவோம்.

என்னிடம் இருப்பது அந்த ஒரு அடி ஆள் இல்லை. எழுபதுகளில் வியட்நாம் போரால் ராணுவ மோகம் குறைந்தது. எண்ணெய் நெருக்கடியால் பிளாஸ்டிக் விலை ஏறியது. 1976-ல் பெரிய ஜோ ஓய்ந்துபோனான். அடுத்த ரெண்டு வருஷத்தில் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் குட்டி உருவங்கள், மூன்றே முக்கால் அங்குலம்தான், சக்கைப்போடு போட்டன. அதைப் பார்த்த ஹாஸ்ப்ரோ 1982-ல் ஜோவையும் அதே உயரத்துக்குச் சுருக்கிக்கொண்டது. ஆனால் ஸ்டார் வார்ஸ் ஆட்கள் கட்டை மாதிரி நிற்பார்கள். தலை, கை, கால் மட்டும்தான் ஆடும். ஜோ அப்படி இல்லை. முட்டி மடங்கும், முழங்கை மடங்கும், இடுப்பு திரும்பும், குனிவான், உட்காருவான்.

எப்படி? முதுகில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றினால் நெஞ்சும் முதுகும் ரெண்டு ஓடாகப் பிரியும். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அதன் மேல்முனை நெஞ்சுக்குள்ளே மாட்டியிருக்கும். கீழ்முனை, ரெண்டு காலையும் கோத்துப் பிடிக்கிற இரும்புக் கொக்கியில். அந்த இழுவிசையில்தான் ஆளே நிற்கிறான். எலும்பு, நரம்பு, தண்டுவடம் எல்லாமே அந்த வளையம்தான். அது அறுந்தால் ஆள் ரெண்டு துண்டு. உலகம் பூரா உள்ள எந்த ஜோவும் எப்போதாவது ஒருநாள் இப்படித்தான் போய்ச் சேருவான். ரப்பர் சாகும். காற்றிலிருக்கிற ஆக்சிஜனும் ஓசோனும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதிலும் இழுத்துக் கட்டிய ரப்பர் சீக்கிரமே சாகும். இவன் பிறந்ததிலிருந்தே இழுபட்டுக்கொண்டிருப்பவன் அல்லவா.

ரப்பர் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டம்தான். குலசேகரம், கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் விடியுமுன்னே போய்ப் பாருங்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையில் சாய்வாகக் கோடு போட்டுக்கொண்டு போவார்கள். சிரட்டையில் பால் சொட்டும். ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்கி, வீட்டு முற்றத்தில் கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி காயப்போட்டிருப்பார்கள். அந்த வாடை பழகாதவர்களுக்கு மூக்கு ஒடிந்துவிடும். அரசு ரப்பர் கழகத்தின் தலைமை அலுவலகமே நாகர்கோவிலில்தான், 1984-லிருந்து.

ஆனால் இந்தச் சிப்பாய்க்கும் ரப்பருக்கும் உள்ள சொந்தம் வளையத்தோடு முடியவில்லை. இவன் நம் ஊருக்கு வந்து சேர்ந்ததே ரப்பர் வழியாகத்தான். கொஞ்சம் பின்னால் போகவேண்டும். எவ்வளவு பின்னால்? நாங்கள் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகளாக இருந்த காலத்துக்கு. 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவனந்தபுரத்தோடுதானே இருந்தது. என் ஆச்சி சாகும்வரை ரூபாயைச் சக்கரம் என்றுதான் சொல்வாள். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். எந்த வங்கியையும் அவள் நம்பியதில்லை. அரிசிப்பானைதான் அவளுக்கு சேவிங்ஸ் அக்கவுன்ட்.

அந்தத் தலைமுறைக்கு அப்படி ஒரு பயம் இருந்ததற்குக் காரணமும் இருந்தது. கே.சி. மாம்மன் மாப்பிள்ளை என்று ஒருவர். ‘மலையாள மனோரமா’ பத்திரிகையின் ஆசிரியர். திருவல்லாவில் 1912-ல் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியை ஆரம்பித்தவர். 1937-ல் அது குயிலான் வங்கியோடு சேர்ந்து, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்றானது. ஒரே வருஷம். 1938 ஜூனில் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது, அப்புறம் மூடப்பட்டது. அக்டோபரில் மாம்மன் மாப்பிள்ளை கைதானார். மனோரமாவுக்கும் சீல். அப்போது திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். பொறுப்பாட்சி கேட்ட இயக்கத்தை மாம்மன் மாப்பிள்ளை ஆதரித்ததற்குத் திவான் பழிவாங்கிவிட்டார் என்கிறது ஒரு கட்சி. வங்கியின் கணக்குவழக்கிலேயே ஓட்டை இருந்தது என்கிறது இன்னொரு கட்சி. என்னைக் கேட்டால் ரெண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். வங்கி என்பது நம்பிக்கையின் மேல் நிற்கிற சமாசாரம். எல்லோரும் ஒரே நாளில் வந்து பணத்தைக் கேட்டால் எந்த வங்கியும் தாங்காது. அந்த எல்லோரையும் ஒரே நாளில் வரவைக்க அரசாங்கத்தின் ஒரு முறைப்பு போதும். போட்ட பணத்துக்கு இன்ஷூரன்ஸ் என்பதெல்லாம் இந்தியாவுக்கு 1962-ல்தான் வந்தது.

குடும்பம் தெருவுக்கு வந்தது. அந்தக் குடும்பத்துப் பையன் ஒருவர், கே.எம். மாம்மன் மாப்பிள்ளை, மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டு ஒரு தொழில் ஆரம்பித்தார். என்ன தொழில்? பலூன்! குழந்தைகள் ஊதுகிற அதே பலூன். வீட்டுக்காரம்மாவும் கூடமாட வேலை பார்க்க, செய்த பலூனைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கடைகடையாக விற்றார். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவிலும் சுசீந்திரம் தேரோட்டத்திலும் நாங்கள் அழுது வாங்கி, வீடு வருவதற்குள் உடைத்த சாமான்!

1949-ல் ரப்பர் பாலை அச்சில் வார்த்து விளையாட்டுச் சாமான்களும் கையுறையும் செய்தார். 1952-ல் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டுகிற டிரெட் ரப்பருக்கு மாறினார். அதுவரை அந்த வியாபாரம் வெளிநாட்டுக் கம்பெனிகள் கையில் இருந்தது. 1960-ல் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி லிமிடெட். 1961-லிருந்து டயர். பெயரை அதற்கு மேல் நான் சொல்லவேண்டியதில்லை. எம்.ஆர்.எஃப். டயரைத் தலைக்கு மேலே தூக்கி நிற்கும் அந்தப் பயில்வானும், சச்சின் பேட்டில் இருந்த ஸ்டிக்கரும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பயில்வானும் ஒரு ஆக்‌ஷன் ஃபிகர்தானே என்று எனக்கு அடிக்கடி தோன்றும். 1964-ல்தான் அவனும் பிறந்தான், பெரிய ஜோ பிறந்த அதே வருஷம்.

இனி வர்த்தகப் பாடம் ஒரு பாரா. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு விளையாட்டுச் சாமானை நினைத்தபடி இறக்குமதி செய்து இந்தியாவில் விற்க முடியாது. நுகர்வோர் சாமான்களுக்கு நாடு கதவை அடைத்து வைத்திருந்தது. கல்ஃபிலிருந்து மாமா பெட்டியில் வந்தால் உண்டு. இந்தக் கட்டுப்பாடுகளில் கடைசி மிச்சம் போனது 2001 ஏப்ரல் 1-ல்தான். அப்படியானால் ஹாஸ்ப்ரோ மாதிரி ஒரு கம்பெனி இந்தியக் குழந்தைகளைப் பிடிக்க என்ன வழி? இங்கேயே செய்யவேண்டும், இங்கே உள்ள ஒருவரோடு கூட்டுச் சேரவேண்டும். 1987-ல் எம்.ஆர்.எஃப்-போடு சேர்ந்தது. ஃபன்ஸ்கூல் பிறந்தது. தலைமை அலுவலகம் சென்னை, தொழிற்சாலை கோவா. பலூனில் ஆரம்பித்த கம்பெனி 41 வருஷம் சுற்றி மறுபடியும் விளையாட்டுச் சாமானுக்கு வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் விற்று ஓய்ந்த இரும்பு அச்சுகள் கப்பலேறி வந்தன. அச்சு அவர்களுடையது. பிளாஸ்டிக்கும் பெயின்டும் இங்கே உள்ளது. அங்கே ஒரு பச்சையில் வந்தவன் இங்கே வேறு பச்சையில் வருவான். அங்கே சாம்பல் கால்சட்டை போட்டவன் இங்கே பளீரென்று ஒரு நிறத்தில் வருவான். ஒரே ஆள் இந்த வருஷம் ஒரு நிறம், அடுத்த வருஷம் இன்னொன்று. அமெரிக்காவில் இல்லவே இல்லாத ஆட்களும் உண்டு. தூர்தர்ஷனில் ‘ஸ்ட்ரீட் ஹாக்’ தொடர் வந்தது ஞாபகமிருக்கிறதா, கறுப்பு மோட்டார் சைக்கிள்? அவனை ஜி.ஐ. ஜோ படையில் சேர்த்துவிட்டார்கள். அமெரிக்க சேனையில் அப்படி ஒருவன் இருப்பது அமெரிக்காவுக்கே தெரியாது!

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இது பெரிய குறைச்சலாக இருந்தது. அப்பா துபாயில் இருக்கிற பையன் கொண்டுவருவது ‘ஒரிஜினல்’. நம்மிடம் இருப்பது ‘இந்தியா மேக்’. ‘‘லேய், இது டூப்ளிகேட்டுல’’ என்று ஒருவன் சொன்னதற்கு நான் அவனோடு ரெண்டு வாரம் பேசவில்லை. சண்டை போட்டேனே தவிர, உள்ளுக்குள் அவன் சொன்னதை நம்பவும் செய்தேன். அவனை டப்பாவில் போட்டு மறந்ததற்கு ஒடிந்த இடுப்பு மட்டும் காரணம் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் இன்டர்நெட் வந்தது. ஜோவோடு வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வர ஆரம்பித்திருந்தது. இந்தியாவில் இன்னமும் ஜோக்கள் அட்டையோடு கடையில் தொங்குகிறார்கள், அதுவும் யாரும் பார்க்காத நிறங்களில், என்ற சேதி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மொத்தமொத்தமாக வாங்கினார்கள். ரெண்டாயிரங்களின் தொடக்கத்தில் நம் கடைகளிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் போன சிப்பாய்கள் எத்தனையோ. அச்சும் திட்டமும் சரியாக இருந்த அமெரிக்க ஜோ அங்கே எல்லோரிடமும் இருந்தான். நாங்கள் வெட்கப்பட்ட அந்தத் தப்பு நிறத்துக்குத்தான் அங்கே கிராக்கி. நாங்களோ அப்போது கல்லூரியில் டெபிட், கிரெடிட் எழுதிக்கொண்டிருந்தோம். பொருளின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியவன் நான். என் வீட்டு டப்பாவில் பதில் கிடந்திருக்கிறது.

டப்பாவை எடுத்துக்கொண்டு கோட்டாறில் இருக்கும் நண்பனிடம் போனேன். பதினெட்டு வருஷம் கல்ஃபில் இருந்துவிட்டு வந்தவன். டி.வி., மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வீட்டு அலமாரியில் அறுபது ஜோக்களுக்கு மேல். மனைவிக்குத் தெரிந்து நாற்பது.

சிப்பாயைக் கையில் வாங்கி, டாக்டர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

‘‘மக்கா, வலது கட்டைவிரல் போச்சு.’’

ஜோக்களுக்கு இதுதான் ரெண்டாவது வியாதியாம். துப்பாக்கியைக் கையில் திணித்துத் திணித்து விரல் தெறித்துவிடும். மூன்றாவது, காலைப் பிடிக்கிற இடுப்புத் துண்டு விரிந்து உடைவது. நான்காவது, எங்கள் ஊருக்கே உரிய வியாதி, உப்புக்காற்றில் ஸ்க்ரூ துருப்பிடிப்பது. வெள்ளை ஆட்களுக்கு மஞ்சள் காமாலை வேறு வரும். வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் பழுத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்று ஒரு வைத்தியம் இருக்கிறது. இவன் செய்வதில்லை. அளவு தப்பினால் தேமல் விழுந்தமாதிரி ஆகிவிடும் என்கிறான்.

‘‘வேற ஒருத்தன் கையை எடுத்து மாட்டிரட்டா? உதிரி கெடக்கு.’’

எல்லா ஜோவுக்கும் ஒரே ஸ்க்ரூ, ஒரே அமைப்பு. யார் கையையும் யாருக்கும் மாட்டலாம். மாட்டினால் பார்க்க முழுசாக இருக்கும். ஆனால் விவரம் தெரிந்தவன் வாங்கமாட்டான். பெயின்டை மேலே பூசினாலும் அப்படித்தான். தேய்ந்த பெயின்ட் தேய்ந்ததாகவே இருந்தால் ஒரு விலை, புதுசாகப் பூசினால் அதில் பாதிகூடக் கிடையாது.

‘‘விக்கப்போறியா?’’ என்று கேட்டான்.

அது எனக்கே தெரியவில்லை. விரல் இல்லாதவனுக்கு என்ன பெரிய விலை வந்துவிடப்போகிறது. ‘‘கை அப்படியே இருக்கட்டும். நிக்க வச்சாப் போதும்’’ என்றேன்.

பழைய வளையத்தை ஊசியால் சுரண்டி எடுத்தான். முப்பது வருஷம் ஆகியிருக்கும். கையில் பட்டால் மை மாதிரி ஒட்டியது. ஸ்க்ரூ வர மறுத்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். அரைமணி நேரம், ரெண்டு டீ. அப்புறம் ஒரு சின்ன முனகலோடு திரும்பியது. வளையம் அவனிடம் தீர்ந்துபோயிருந்ததால் பழைய வளையத்தின் அளவைத் தாளில் வட்டம் போட்டுத் தந்து, என்னை வடசேரியில் மோட்டார் பம்ப்செட் சாமான் விற்கிற கடைக்கு அனுப்பினான்.

‘‘என்ன மோட்டாருக்கு அண்ணாச்சி? எத்தனை ஹெச்.பி.?’’

‘‘மோட்டாருக்கு இல்ல. ஒரு ஆளுக்க இடுப்புக்கு.’’

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எலும்பு டாக்டர் சீட்டைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. வட்டத்தின் மேல் வைத்து அளந்து, ஒண்ணரை சென்டிமீட்டர் சொச்சத்தில் ஒரு ஓ-ரிங் எடுத்துக்கொடுத்தார். ஒன்று கேட்டால் தருவதில்லை, பத்தாகத்தான் தருவாராம். மொத்த விலையும் ஒரு டீக்காசுதான்.

திரும்பி வரும் வழியில் ரப்பர் ஷீட் அடுக்கிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. நம்ம ஊர் ரப்பர் நம்ம ஊர் சிப்பாய்க்கு இடுப்பு கொடுக்கப்போகிறது என்று மனசுக்குள் ஒரு வரி எழுதிக்கொண்டேன். கடையில் போய்ச் சொன்னதும் நண்பன் சிரித்தான்.

‘‘லேய், இது நைட்ரில். பெட்ரோலியத்துல செய்யது. மரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது.’’

எழுதிய வரியை அங்கேயே அழித்தேன்.

கொக்கியில் வளையத்தைக் கோத்து, இழுத்து, நெஞ்சுக்குள் மாட்டி, முதுகு ஓட்டை வைத்து மூடி, ஸ்க்ரூவை முக்கால் பாகம் மட்டும் முடுக்கினான். முழுசாக இறுக்கினால் பிளாஸ்டிக் கீறிவிடுமாம். கால் ரெண்டையும் மடக்கிப் பார்த்தான். சிப்பாய் மேஜைமேல் நின்றான். கொஞ்சம் இடதுபக்கமாகச் சாய்ந்து, ஆனால் நின்றான்.

‘‘ரொம்ப மடக்காத. கண்ணாடி அலமாரியில வை. வெயில் படப்பிடாது, தண்ணி படப்பிடாது, பிள்ளைய கையில குடுக்கப்பிடாது’’ என்று பத்தியம் சொல்லி அனுப்பினான்.

வீட்டில் டி.வி. பக்கத்தில் வைத்தேன். அம்மா வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ‘‘இவனுக்கு வெரலக் காணல்லியே’’ என்றாள். அப்பா இருந்திருந்தால் விலையைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்.

மறுநாள் காலையில் டி.வி. பக்கத்தில் ஆளைக் காணோம். கிணற்றடியில் சத்தம் கேட்டுப் போனேன். தம்பி மகன், ஒண்ணாம் வகுப்பு. வாளி நிறையத் தண்ணீர். துவைக்கிற கல்லின் உச்சியிலிருந்து பீச் ஹெட் வாளிக்குள் குதித்துக்கொண்டிருந்தான். கால் ரெண்டும் பின்னால் மடங்கி, தலை கீழே.

‘‘பெரியப்பா, இந்த பொம்மை நல்லா சாடுது!’’

வாய்வரை வந்துவிட்டது, பொம்மை இல்லலே என்று.

டப்பாவில் இன்னும் ஒன்பது வளையம் இருக்கிறது.